காயம்: கொல்லிமலையிலிருந்து உயிர்த்தெழுதலை வாசித்தல்

1

உயிர்த்தெழுதலைப் பற்றி நம் சிற்றிதழ்ச் சூழலில் எழுத உட்காருவதே கொஞ்சம் சங்கடமான காரியம்தான். சிலுவை என்றால் சிக்கல் இல்லை. அரசும் ஆலயமும் கைகோத்துக் கொன்றுபோட்ட ஒரு தச்சன். மார்க்சியரும் பெரியாரியரும் தலித் தோழரும் அந்த மரத்தடிவரை வந்து நிற்க முடிகிறது. 'மூன்றாம் நாள்' என்று ஆரம்பித்தால்தான் ஆளாளுக்கு நழுவுகிறார்கள். செத்தவன் எழுந்து வந்தான் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? விட்டுத் தள்ளுங்க, அது வெறும் புராணம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது.

கிறித்தவத்துக்குள்ளும் இந்த நழுவல் உண்டு. ஒரு பக்கம், உயிர்த்தெழுதலை அற்புதங்களின் உச்சமாக, கடவுளின் பலத்துக்குச் சான்றாகக் காட்டும் வாசிப்பு. நம்மூர் பாஸ்கா நாடகங்களில் கல்லறை வெடித்துத் திறக்கும், வாணம் பறக்கும், காவலாளிகள் மல்லாந்து விழுவார்கள், சுரூபம் மேலே எழும். ஆனால் திருச்சபை ஏற்றுக்கொண்ட நான்கு நற்செய்திப் பிரதிகளிலும் இந்தக் காட்சியே கிடையாது. எழுந்த கணத்தை ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் எழுதவில்லை. காலியான கல்லறை இருக்கிறது, பிறகு அவரைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு வெற்றிடம். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள் இன்னும் மோசம். கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. வெற்றி முழக்கத்துக்கு இது தோதான பிரதி இல்லை.

இன்னொரு பக்கம் முற்போக்கு வாசிப்பு. உயிர்த்தெழுதல் ஒரு குறியீடு. இயேசு சீடர்களின் நினைவில் எழுந்தார், மக்கள் எழுச்சியில் எழுந்தார். 1941இல் ருடால்ஃப் புல்ட்மான் ஜெர்மனியில் தொடங்கிய தொன்மநீக்க வாசிப்பிலிருந்து, எழுபதுகளுக்குப் பிறகு நம் பக்கத்தில் பேசப்பட்ட விடுதலை இறையியல் கூட்டங்கள்வரை இதற்குப் பல வடிவங்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பல வருடம் இப்படியேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டாவது வாசிப்பு போதாது என்பதுதான் என் வாதம். நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கான கருவிகள் என் கையில் இல்லை. என் கேள்வி வேறு. கிறித்தவ நம்பிக்கை என்ற சொல்லாடலிலிருந்து உயிர்த்தெழுதலை உருவிவிட்டால் மிஞ்சுவது என்ன? அதை அங்கேயே வைத்தால் அந்த நம்பிக்கை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்படுகிறது? இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் பேசாமல் கொல்லிமலையிலிருந்து பேசிப் பார்க்கலாம். அங்கே இதற்கு ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது.

2

பெயரிலேயே கொலையை வைத்திருக்கும் மலை அது. கொல்லிப்பாவை சிரித்தே கொல்வாள் என்பது பழைய நம்பிக்கை. மலேரியாக் காலத்தில் கீழ்நாட்டு ஆட்களுக்கு மலைமேல் ஏறுவதென்றாலே பயம். இங்கே இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் கல்யாணமான கையோடு ஏறிக் குடியேறினார்கள். அவர்கள் வீடு கட்டிய இடத்தின் பெயர் வாழவந்தி. கொல்லிக்குள் வாழவந்தி என்ற இந்த முரண் மிஷனரி எழுத்துக்கு எவ்வளவு தித்தித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த எழுத்தைக் கேள்வி கேட்காமல் வாசிக்க முடியாது. 'இருளில் கிடந்த மலைவாசிகள்' என்ற கட்டமைப்பு அதன் அடித்தளம். மலையாளிகள் என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் பழங்குடி மக்களுக்கு, தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதை இருக்கிறது, அறப்பளீஸ்வரர் இருக்கிறார், தினை, சாமை, கேழ்வரகு என்று ஒரு வேளாண்மை அறிவு இருக்கிறது. மிஷனரிக் கதையாடலில் இதெல்லாம் பின்னணித் திரையாகச் சுருங்கிவிடுகிறது. ஆறேழு வருடம் அங்கே ஒருவரும் மதம் மாறவில்லை. 1918இல் உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்புளுயன்சா மலைக்கும் வந்தது. அதுவரை அவர்களை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் பிராண்ட் தம்பதியர்தான். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மலைக்கிறித்தவத்தின் தொடக்கமாக இது சொல்லப்படுகிறது. பூசாரியின் தரப்பிலிருந்து இந்தக் கதை நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு மனிதர் சாவின் வாசலில் எடுத்த முடிவை 'கனி' என்று எண்ணுவதில் இருக்கும் வன்முறையைக் காணாதமாதிரி கடந்துபோகவும் முடியாது.

அதே சமயம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் ஆத்துமாவை மட்டும் தேடிப் போன ஆள் இல்லை. இங்கிலாந்தில் கொஞ்ச காலம் வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். பள்ளிக்கூடம், பயிர், பல் பிடுங்குவது, கட்டி அறுப்பது என்று எல்லாவற்றிலும் கைவைத்தார். நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டிருந்த மகன் பின்னாளில் அதை எழுதியிருக்கிறார். அந்த மகன்தான் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அப்பாவை அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

1929 ஜூன் மாதம், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி பிராண்ட் 44 வயதில் செத்துப்போனார். இங்கிலாந்திலிருந்த பையனுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம்தான் விசித்திரம். அப்பா உயிரோடிருக்கையில் எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டேயிருந்தன. மலையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் அப்பா எழுதியிருக்கிறார். அப்பா இல்லை. கடிதம் வருகிறது.

நான் முன்பு சொன்ன முற்போக்கு வாசிப்பை இந்த இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்தக் கடிதங்களை அந்தப் பையன் உயிர்த்தெழுதல் என்று நினைத்திருப்பானா? மாட்டான். கடிதம் நினைவு. நினைவுக்குப் பலம் உண்டு. ஒருவனை அது வாழ்நாள் முழுக்க நடத்திச் செல்லலாம். பால் பிராண்டை நடத்தியும் சென்றது. ஆனால் ஒரு கட்டத்தில் கடைசிக் கடிதமும் வந்துவிடும். அதற்கப்புறம் தபால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். இயேசு சீடர்களின் நினைவில் வாழ்கிறார் என்பது மட்டுமே கிறித்தவம் என்றால், இரண்டாயிரம் வருடமாகப் பழைய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பதுதான் அது. மரியாதைக்குரிய காரியம்தான். ஆனால் அதைச் செய்ய விசுவாசம் எதற்கு? நல்ல நூலகம் போதும்.

3

தொடக்கத்தில் அந்த நம்பிக்கை சொன்னது வேறு. பவுல் கொரிந்துச் சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55 வாக்கில் எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரம்தான் உயிர்த்தெழுதல் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான எழுத்து. நான்கு நற்செய்திகளுக்கும் முந்தையது. அவர் தன் வாதத்தைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் வைக்கிறார். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கம் வெட்டி, உங்கள் நம்பிக்கையும் வெட்டி, செத்துப்போனவர்களின் கதை முடிந்தது, உலகத்திலேயே பரிதாபத்துக்குரிய ஆட்கள் நாம்தான் என்கிற பொருளில் எழுதுகிறார். தப்பிக்க ஒரு சந்துகூட விடவில்லை.

யாருக்கு எதிராக இப்படி எழுதினார் என்பதுதான் நமக்கு முக்கியம். கொரிந்தில் மறுத்தவர்கள் நாத்திகர்கள் இல்லை. ஆன்மா அழியாது என்று அவர்கள் தாராளமாக ஒப்புக்கொண்டிருப்பார்கள். உடம்பு எழும் என்பதுதான் அவர்களுக்கு அருவருப்பு. டேல் மார்ட்டின் 1995இல் வெளியிட்ட 'தி கொரிந்தியன் பாடி' என்ற நூலில் இந்தச் சண்டையை வர்க்க ரீதியாக வாசிக்கிறார். தத்துவம் கற்ற மேல்தட்டுக்கு உடம்பு கீழானது, ஆன்மா மேலானது. பிணம் எழும் என்பது படிக்காத சனங்களின் பேச்சு. பவுல் இந்தச் சண்டையில், சில திருத்தங்களோடு, சனங்களின் பக்கம் போய் நிற்கிறார். விதையை மண்ணில் போட்டால்தான் முளைக்கும், போட்டதும் முளைத்ததும் ஒரே மாதிரி இருக்காது, ஆனாலும் அதுதான் இது என்று விவசாயியின் உதாரணத்தை எடுக்கிறார்.

நமக்கு இது புதுசா? ஆன்மா சுத்தம், உடம்பு தீட்டு என்ற படிநிலை யாருடைய தத்துவம் என்று நமக்குத் தெரியாததா? சாதி ஆன்மாவில் எழுதப்படுவதில்லை. உடம்பில்தான் எழுதப்படுகிறது: யார் தொடலாம், யார் எங்கே குடியிருக்கலாம், யார் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம். ஆன்மாவை மட்டும் மீட்கும் மதம் இந்த எழுத்தை அழிக்கத் தேவையே இல்லை. உடம்பு எழும் என்று சொல்லும் மதம் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தக் கருத்து பிறந்த இடமும் கவனிக்க வேண்டியது. யூத மரபில் உயிர்த்தெழுதல் நம்பிக்கை திரண்டு வருவது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், அந்தியோக்கஸ் என்ற பேரரசன் சட்டத்தை மீறாதவர்களைச் சித்திரவதை செய்து கொன்ற காலத்தில். தானியேல் நூலும் மக்கபேயர் இரண்டாம் நூலும் அதைத்தான் பேசுகின்றன. மக்கபேயர் நூலில் ஏழு சகோதரர்கள் தாயின் கண்முன் ஒவ்வொருவராக வெட்டப்படுகிறார்கள். வெட்டிய கையையும் நாக்கையும் கடவுள் திருப்பித் தருவார் என்று அவர்கள் சொல்லிச் சாகிறார்கள். ஆக, 'செத்தபின் என்ன ஆகும்' என்ற ஆர்வத்தில் இந்த நம்பிக்கை பிறக்கவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவனுக்கு நியாயம் உண்டா என்ற கேள்வியில் பிறக்கிறது. சிலுவை என்பதும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம் வைத்திருந்த தண்டனை. அந்தச் சாவைக் கடவுள் செல்லாது என்று அறிவித்தார் என்பதே உயிர்த்தெழுதலின் முதல் அர்த்தம். எல் சால்வடாரில் கொலைகளுக்கு நடுவே எழுதிய ஜான் சொப்ரினோ இதைத்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். எழுந்தவன் யாரோ ஒருவன் இல்லை, சிலுவையில் அறையப்பட்டவன்.

பவுலிடமும் ஒரு கோளாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எழுந்தவரைப் பார்த்தவர்கள் என்று அவர் கொடுக்கும் பட்டியலில் கேபா, பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு, கடைசியாகத் தான் என்று வரிசை போகிறது. மகதலா மரியாளின் பெயர் இல்லை. நான்கு நற்செய்திகளும் கல்லறைக்கு முதலில் அனுப்புவது பெண்களைத்தான். சாட்சிப் பட்டியல் அதிகாரப்பூர்வமாகிறபோது முதல் சாட்சிகள் உதிர்ந்துபோகிறார்கள். இது பிற்பாடு நடந்த பலவற்றுக்கு முன்னறிவிப்பு.

4

கொல்லப்பட்டவர் திரும்பி வருவது தமிழ்ச் சூழலுக்கு அந்நியமானது இல்லையே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நடுகல்லில் தொடங்கி மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் என்று கொலையுண்டு தெய்வமானவர்களின் வரிசையே நம்மிடம் இருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் சாதி மீறிய காதலுக்காகவும் அதிகாரத்தை எதிர்த்ததற்காகவும் சாகிறவர்கள் தெய்வமாகிறார்கள். மக்கள் தங்கள் செத்தவர்களைக் கைவிடவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தத் தெய்வங்கள் பல சமயம் கொன்ற தரப்பின் பயத்திலும் நிலைநிறுத்தப்படுகின்றன. கொலைக்கு ஊர் கொடுக்கும் விலை பீடமும் படையலும். தெய்வம் சாந்தியானதும் ஊர் பழையபடி நடக்கும். கொன்றவன் தெரு கொன்றவன் தெருவாகவே இருக்கும். நற்செய்திப் பிரதியில் எழுந்தவன் பிலாத்துவின் கனவில் போய் மிரட்டவில்லை, எருசலேமில் பீடம் கேட்கவில்லை. தன்னைக் கைவிட்டு ஓடிய கூட்டாளிகளைத் தேடிக்கொண்டு கலிலேயாவுக்குப் போகிறான்; பொரித்த மீன் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுச் சாப்பிடுகிறான். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஒன்று இறந்தவரின் சினத்தை ஊருக்குள் வாழவைக்கிறது. இன்னொன்று அறுந்த உறவைத் திரும்பக் கட்டுகிறது. இரண்டும் நமக்குத் தேவைதான்.

கொல்லிமலை சித்தர்களின் மலையும்கூட. குகைகளும் மூலிகைகளும் காயகல்பக் கதைகளும் அங்கே நிறைய. சித்தர் மரபு உடம்பை இகழவில்லை. உடம்பைச் சாகாமல் காக்க வழி தேடியது. 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்ட வள்ளலார், மரணமிலாப் பெருவாழ்வைப் பேசினார். செத்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்றார். உடம்பின்மேல் வைத்த இந்த மரியாதையில் அவர்கள் கொரிந்து மேல்தட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் சித்த உடம்பு சாவைத் தாண்டிவிட்ட உடம்பு, ஒளியான உடம்பு, மாசில்லாத உடம்பு. நற்செய்தியின் உடம்பு அப்படி இல்லை. அது செத்தது, அதுவும் கேவலமாகச் செத்தது. எழுந்தபோது ஆணித் துளையோடு எழுந்தது.

தமிழில் காயம் என்றால் உடம்பு, புண்ணும் காயம்தான். காயசித்தி முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் களைகிறது. யோவான் நற்செய்தியில் தோமா வந்து கேட்பது இரண்டாவது அர்த்தத்தை: காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன். அவரைச் 'சந்தேகத் தோமா' என்று ஏளனம் பண்ணுவது வழக்கம். என் வாசிப்பில் அவர்தான் சரியான கேள்வி கேட்டவர். காயம் இல்லாமல் பளபளவென்று ஒருவன் வந்து நின்றால் அது கொல்லப்பட்டவன் இல்லை, வேறு யாரோ.

5

இதை ஒரு கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் கொல்லிமலைப் பையன்தான். பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராகத் திரும்பினார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேனுடன் நோயாளிகளின் கைகளைப் பார்த்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. விரல்கள் ஏன் மடங்குகின்றன, ஏன் தேய்ந்துபோகின்றன? தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அப்போது பொதுவாக நம்பினார்கள். அவரும் உடன் வேலை செய்தவர்களும் கண்டது வேறு. கிருமி நரம்பைச் சாகடிக்கிறது, வலி போய்விடுகிறது. வலி இல்லாதவர் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் எடுப்பார், ஆணி குத்தினாலும் நடப்பார், தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் எழமாட்டார். விரலைத் தின்பது நோய் இல்லை, உணரப்படாத காயம். செயலிழந்த தசைகளுக்குப் பதிலாக நல்ல தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு மாற்றித் தைக்கும் அறுவையைச் செய்யத் தொடங்கினார்கள். மூடிப்போன கைகள் திறந்தன. அதோடு வேலை முடியவில்லை. கை நேரானவருக்கும் ஊர் இடம் கொடுக்கவில்லை. பிச்சை எடுப்பதற்குக்கூட முன்பிருந்த கோணல் கைதான் தோதாக இருந்தது. அதனால் தொழில் கற்றுக்கொடுக்க வேலூரில் நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு வந்தது.

தொழுநோயாளிகள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசும்படி அழைத்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிராண்ட் பின்னாளில் எழுதினார். பிறகு இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார்: தச்சுவேலை செய்த காய்த்துப்போன கை, நோயாளிகளைத் தொட்ட கை. பிறகு ஆணி. கை அறுவை மருத்துவராக அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஆணி இறங்கினால் நடு நரம்பு போகும், விரல்கள் மடங்கிக் கொக்கிமாதிரி ஆகிவிடும். அதாவது எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் கை. கடைசியாக, எழுந்த பிறகும் தழும்பை மறைக்காமல் வைத்துக்கொண்ட கை. பேசி முடித்தபோது அவர்கள் தங்கள் கைகளைக் குவித்து உயர்த்தினார்கள். அதுவரை துணிக்குள் ஒளித்த கைகள்.

இதையும் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் வாசிக்க வேண்டும். சூசன் சொன்டாக் 1978இல் எச்சரித்தமாதிரி நோயை உருவகமாக்குவது நோயாளிமேல் இன்னொரு சுமையை ஏற்றுவது. தொழுநோயைப் பாவத்துக்கு உவமையாக்கிப் பிரசங்கம் செய்த மரபு கிறித்தவத்தில் நீளமானது. பிராண்ட் செய்தது அதற்குத் தலைகீழ் என்று எனக்குப் படுகிறது. அவர் அவர்கள் கையை எதற்கும் உவமையாக்கவில்லை. இயேசுவின் கையை அவர்கள் கையோடு சேர்த்து உடற்கூறாகப் பார்த்தார். கடவுளின் கை என்றால் குறையற்ற கை என்ற எண்ணம் அந்த அறையில் உடைந்துபோனது. சிலுவையை மட்டும் பேசி நிறுத்தியிருந்தால் 'உங்களைப்போல் அவரும் கஷ்டப்பட்டார்' என்ற ஆறுதலோடு முடிந்திருக்கும். எழுந்த கையிலும் காயம் இருக்கிறது என்றதால்தான் அது ஆறுதலுக்கு மேலே போனது. ஊனமான உடம்பு கழித்துக்கட்ட வேண்டிய உடம்பு இல்லை. வரப்போகும் உலகத்தில் அதற்கு இடம் உண்டு, அது வந்த வடிவிலேயே.

எண்பதுகளில் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலை முன்வைத்த அரவிந்த் நிர்மல், இயேசுவின் தலித்தன்மை சிலுவையில்தான் மிகத் துலக்கமாகத் தெரிகிறது என்றார். தேவையான இடையீடு அது. ஆனால் சிலுவையோடு நின்றால் வலி மட்டுமே நம் அடையாளம் ஆகிவிடும் என்ற விமர்சனம் அந்த மரபுக்குள்ளிருந்தே பின்னால் வந்தது. காயத்தை மறைக்காத உயிர்த்தெழுதல் அந்த முட்டுச்சந்திலிருந்து ஒரு வழியைத் திறக்கிறது என்று நினைக்கிறேன்.

6

இப்போது கசப்பான பகுதிக்கு வரலாம். திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். அதன் நடுவே தலித் கிறித்தவர்களின் புதைகுழிகளையும் மற்றவர்களின் புதைகுழிகளையும் பிரித்து ஒரு சுவர். ஞாயிறுதோறும் 'உடலின் உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறேன்' என்று அறிக்கையிடும் சனங்கள்தான் இரண்டு பக்கமும் புதைக்கப்பட்டார்கள். எழும்போது எப்படி எழுவார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எழுப்புதல், இந்தப் பக்கம் ஒரு எழுப்புதலா? 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆக முடியாது என்றது; 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறித்தவருக்குத் திறக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிடுகிறது. கல்லறையில் கழுவவில்லை.

2010இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை உடைத்தவர்கள் பெரியார் இயக்கத் தோழர்கள். கடவுள் இல்லை என்பவர்கள். உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள் வந்து, உயிர்த்தெழுதல் கேட்கிற வேலையைச் செய்துவிட்டுப் போனார்கள். புல்ட்மான் உயிர்த்தெழுதலை மறுத்தார் என்று பிரசங்க மேடைகளில் கோபப்படுகிறோம். அந்த மறுப்பு வெறும் காகிதத்தில் இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாக மறுத்தது யார்?

கல்லறைக்கு வெளியே பெரிய கேள்வி நிற்கிறது. 1937இல் மாக்ஸ் ஹார்க்ஹைமர், வால்டர் பெஞ்சமினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்த அநியாயம் நடந்து முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே கொல்லப்பட்டுவிட்டார்கள், அது இன்னும் முடியவில்லை என்று சொல்பவன் கடைசித் தீர்ப்பை நம்பியாக வேண்டும் என்பது அவர் வாதம். பெஞ்சமின் இதை ஒதுக்கிவிடவில்லை. வரலாறு வெறும் விஞ்ஞானம் இல்லை, நினைவுகூரலும்தான். முடிந்துபோன துயரத்தை முடியாததாக்க நினைவுகூரலால் முடியும் என்று குறித்துவைத்தார். அது இறையியல்தான் என்றும் ஒப்புக்கொண்டார். மூன்று வருடத்தில் அவரும் எல்லையில் செத்தார்.

1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வருடாவருடம் நாம் அங்கே போகிறோம், செங்கொடி ஏற்றுகிறோம். அது நினைவு, பெஞ்சமின் சொன்ன அர்த்தத்தில் வலிமையான நினைவு. அதோடு நமக்கு ஒரு சமூகக் கனவு இருக்கிறது: நாளை வரும் தலைமுறை நிலத்தோடும் மானத்தோடும் வாழும். சரி. அந்த 44 பேருக்கு? வருங்காலத்தின் சந்தோஷத்துக்கு அவர்கள் உரமா? இந்தக் கேள்விக்கு நம்முடைய எந்தத் தத்துவத்திலும் பதில் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கிறித்தவ நம்பிக்கையிடம் ஒரு பதில் இருக்கிறது. அது நிரூபிக்க முடியாத பதில், பைத்தியக்காரத்தனமான பதில் என்றுகூடச் சொல்லலாம். உயர்நீதிமன்றத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை, அந்த உடம்புகள் இன்னும் கணக்கில் இருக்கின்றன என்கிறது அது. இதைச் சொல்ல முடியாத கிறித்தவம், நல்லொழுக்கப் போதனையாகவும் பள்ளிக்கூடம் நடத்தும் நிறுவனமாகவும் எஞ்சும். அதற்குமேல் எதுவும் சொல்ல அதற்கு வாய் இருக்காது. உயிர்த்தெழுதல் ஏன் முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

இதைச் சொல்லும் உரிமை, சொல்பவர் கை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. கல்லறையில் சுவர் வைத்துக்கொண்டு வெண்மணிக்காரர்கள் எழுவார்கள் என்று சொன்னால் அது அவர்களை இரண்டாம் முறை எரிப்பது.

7

ஈவ்லின் பிராண்ட் கணவர் செத்தபிறகும் மலையை விடவில்லை. வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று மிஷன் சொன்னபோது, ஓய்வுக் காலத்தில் மிஷனை விட்டுவிட்டுத் தனியாளாக மறுபடி கொல்லிமலைக்கு ஏறினார். அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பச்சைமலை, கல்ராயன் என்று பக்கத்து மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். எலும்பு முறிந்தபின் தடி ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். மலைக்குக் கொண்டுவந்து ஜெஸ்ஸியின் பக்கத்தில் புதைத்தார்கள்.

தனக்குச் சவப்பெட்டி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதற்காக மரத்தை வீணாக்க வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வைத்தால் போதும், உடம்பு மண்ணோடு சேரட்டும் என்பது அவர் விருப்பம். உடம்பின் உயிர்த்தெழுதலை நம்பியவர், உடம்பைப் பத்திரப்படுத்த ஒரு பலகையைக்கூடக் கேட்கவில்லை. இதில் எனக்கு முரண் தெரியவில்லை. தினையும் சாமையும் விதைக்கும் மலையில் பல வருடம் இருந்தவருக்கு, விதையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் முளைக்காது என்று தெரிந்திருக்கும்.

அந்த மலைக்கு அவர் கொண்டுவந்ததில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று மலையாளி மக்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதும் நாளில் இந்தக் கட்டுரையின் பாதி மாற்றி எழுதப்பட வேண்டியிருக்கும். அதுவரை என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். எழுந்தவரை நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், தோமாவைப்போல் நாமும் காயத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். எந்த உடம்பின் காயத்தை நீ உன்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறாய், எந்தச் சுவரை இடித்தாய் என்று கேட்க வேண்டும். பதில் இல்லை என்றால் அவர் கையில் இருப்பது பழைய கடிதம்.